ஐ-130 போட்டாச்சு, வேலையை விடலாமா? அமெரிக்க விசாவுக்குக் காத்திருக்கும் மனைவிமார், கணவன்மார் பேசும் இழை

பொள்ளாச்சிப்பெண்
வணக்கம். இத்தனை நாள் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. போன தை மாதம் எங்கள் கல்யாணம். அவர் டல்லாஸ் பக்கம் இருக்கிறார், சிட்டிசன். திரும்பிப் போன கையோடு ஆன்லைனில் ஐ-130, அதாவது மனைவியை அழைத்துக்கொள்ளக் கேட்கும் மனுவைப் போட்டார், ரசீதும் வந்தது. அப்புறம் ஒரு அசைவும் இல்லை. தினமும் காலையில் எழுந்ததும் கேஸ் ஸ்டேட்டஸ் பார்ப்பேன். அதே வரி.

நான் கோவையில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஜூனில் புது வகுப்பு தொடங்குகிறது. "இந்த வருஷம் முழுசா இருப்பியாம்மா, இல்ல நடுவுல கிளம்பிடுவியா?" என்று முதல்வர் கேட்கிறார். மாமியார் வீட்டில் "வேலையை விட்டுட்டு ரெடியா இரு, எந்த நேரமும் கூப்பிடுவாங்க" என்கிறார்கள். என் அம்மாவோ பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்பார்களே என்று கல்யாண வீடுகளுக்கே போவதில்லை. வேலையை விடலாமா? நடுவில் விசிட்டர் விசாவில் ஒருமுறை போய் வர முடியுமா? வக்கீல் வைக்காமல் போட்டதால்தான் இழுக்கிறதா?

நெல்லைக்காரன்
தங்கச்சி, வேலையை விடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றது. "எந்த நேரமும் கூப்பிடுவாங்க" என்பது இந்த விசாவில் நடக்காத கதை. கூப்பிடுவதற்கு முன்னால் பல படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மனு இப்போது அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் இருக்கிறது. மனு போட்டவர் சிட்டிசன்தானா, கல்யாணம் உண்மையானதா என்பதுதான் அவர்கள் பார்ப்பது. காலம் போவதே இங்கேதான். ஒரு வருடத்தைத் தாண்டுவது சர்வசாதாரணம். அது அப்ரூவ் ஆனால் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் தேசிய விசா மையத்துக்கு ஃபைல் போகும், எல்லாரும் என்விசி என்பார்கள். அங்கே விசாவுக்கு 325 டாலர், மனைவியின் செலவுக்குப் பொறுப்பு என்று கணவர் எழுதித்தரும் ஸ்பான்சர் பத்திரத்துக்கு 120 டாலர் கட்ட வேண்டும். டிஎஸ்-260 விசா விண்ணப்பத்தை நீங்கள் நிரப்புவீர்கள், ஐ-864 என்ற அந்த ஸ்பான்சர் பத்திரத்தை உங்கள் வீட்டுக்காரர் நிரப்புவார். பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், பிசிசி என்கிற போலீஸ் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். எல்லாம் சரி என்று அவர்கள் ஏற்றுக்கொண்டால் "டிக்யூ ஆச்சு" என்போம். அதற்கப்புறம்தான் நேர்காணல் வரிசை. அதுவும் சென்னையில் இல்லை. அங்கே குடியேற்ற விசா பார்ப்பதில்லை, நம் ஊர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் மும்பைதான்.

வக்கீல் வைத்திருந்தாலும் அதே வரிசைதான். பழைய விவாகரத்து, பழைய விசா நிராகரிப்பு, போலீஸ் கேஸ் ஏதாவது இருந்தால் வக்கீல் கட்டாயம் வேண்டும். முதல் கல்யாணம், சுத்தமான காகிதங்கள் என்றால் அந்தப் பணத்தில் அவர் இரண்டு தடவை ஊருக்கு வந்து போகட்டும்.

தினமும் ஸ்டேட்டஸ் பார்ப்பதை நிறுத்துங்கள் என்று சொன்னால் நிறுத்தமாட்டீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று: யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் "இத்தனை மாதம்" என்று போட்டிருப்பது பத்தில் எட்டு மனுக்கள் முடிந்துபோன காலம். அதைத் தாண்டிய பிறகுதான் "என் மனு என்ன ஆச்சு" என்று கேட்கவே விடுவார்கள்.

மட்டுறுத்துநர்
எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். ரசீது எண், பாஸ்போர்ட் எண், ஸ்டேட்டஸ் திரையின் படம் எதையும் இங்கே போடாதீர்கள். "சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்று தனிச்செய்தி அனுப்புகிறவர்களை என்னிடம் சொல்லுங்கள், தூக்கிவிடுகிறேன். யாராலும் சீக்கிரம் முடித்துத் தர முடியாது.

சும்மாகேட்டேன்
யாரும் கோபிக்க வேண்டாம். சிட்டிசன் மாப்பிள்ளை, கிரீன்கார்டு மாப்பிள்ளை என்று தேடிப்பிடித்துப் பெண் கொடுக்கிறோம். எச்-1பி வேலை விசாவில் இருக்கும் பையன் கல்யாணம் பண்ணினால், மனைவிக்கான எச்-4 விசா ஸ்டாம்பிங் முடித்துச் சில மாதத்தில் மனைவி அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறாள். சிட்டிசன் மனைவி இங்கே உட்கார்ந்து ஸ்டேட்டஸ் பார்க்கிறாள். இது தலைகீழாக இல்லையா?

முத்துநகர்
தலைகீழ்தான் தம்பி. என் கதையைக் கேட்டால் இன்னும் சிரிப்பீர்கள். பொள்ளாச்சிப்பெண்ணாவது சிட்டிசன் மனைவி, அவருக்கு ஆண்டு ஒதுக்கீடு என்ற தடையே இல்லை. நான் கிரீன்கார்டு வைத்திருப்பவரின் மனைவி, எஃப்2ஏ பிரிவு. மனு அப்ரூவ் ஆனாலும் மாதாமாதம் வரும் விசா புல்லட்டின் அறிவிப்பில், நாம் மனு போட்ட தேதிவரை வரிசை வந்தால்தான் அடுத்த அடி.

என் வீட்டுக்காரர் எச்-1பியில் வருடக்கணக்காக இருந்து, கிரீன்கார்டு கைக்கு வந்த பிறகுதான் "இனி கவலை இல்லை" என்று பெண் பார்க்க வந்தார்கள். கார்டு கிடைப்பதற்கு முந்தைய வாரம் கல்யாணம் நடந்திருந்தால்கூட, அவரைத் தொடர்ந்து வரும் துணையாகவே நான் போயிருக்கலாம். கார்டு வந்த பிறகு தாலி ஏறினால் புதிதாக வரிசையில் நில் என்கிறது சட்டம். ஜாதகம், நாள், நட்சத்திரம் எல்லாம் பார்த்த எங்கள் இரண்டு வீட்டிலும் இதை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

2019 ஜூலையிலிருந்து எஃப்2ஏ "கரண்ட்" ஆகவே இருந்தது, அதாவது காத்திருப்பே இல்லை. அதை நம்பித்தான் நாங்களும் இருந்தோம். 2023 ஏப்ரல் புல்லட்டினில் ஒரே அடியாக 2020 செப்டம்பருக்குப் பின்னால் இழுத்துவிட்டார்கள். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. இப்போது அவர் சிட்டிசன் ஆகிவிட்டார், கார்டு வாங்கி ஐந்து வருடம் முடிந்ததும் போட்டுவிட்டார். குடியுரிமைச் சான்றின் நகலை என்விசிக்கு அனுப்பி மனுவைச் சிட்டிசன் மனைவி பிரிவுக்கு மாற்றியாகிவிட்டது. இனி புல்லட்டின் பார்க்க வேண்டியதில்லை.

குழந்தை இருக்கிறவர்கள் கவனியுங்கள். எஃப்2ஏவில் அம்மா மனுவிலேயே குழந்தையும் ஒட்டிக்கொண்டு வரலாம். அப்பா சிட்டிசன் ஆனதும் அந்த ஒட்டு போய்விடும், குழந்தைக்குத் தனியாக ஐ-130 வேண்டும்.

பழையகை
காத்திருப்பவர்களுக்காகச் சட்டமே இயற்றியவர்கள்தான் இவர்கள். 2000-இல் லைஃப் ஆக்ட் என்று ஒன்று வந்தது. மனு நிலுவையில் இருக்கும்போதே குடும்பம் சேர்ந்திருக்கட்டும் என்று கிரீன்கார்டுக்காரர் மனைவிக்கு வி விசா, சிட்டிசன் மனைவிக்கு கே-3. வி விசா 2000 டிசம்பர் 21-ஆம் தேதி வரை மனு போட்டவர்களுக்கு மட்டும் என்று முடித்துவிட்டார்கள். கே-3 இன்னும் சட்டத்தில் உயிரோடு இருக்கிறது, நடைமுறையில் செத்தாச்சு. அதை எடுப்பதற்குள் ஐ-130 அப்ரூவ் ஆகிவிடும், ஆனவுடன் கே-3 ஃபைலை மூடிவிடுவார்கள். யாராவது "கே-3 போட்டால் சீக்கிரம்" என்றால் காசை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

விசிட்டர் விசா கேள்விக்கு: தடை என்று எதுவும் இல்லை. ஆனால் குடியேற வரவில்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். குடியேற்ற மனு யாராவது போட்டிருக்கிறார்களா என்று டிஎஸ்-160 என்ற விசிட்டர் விசா படிவத்திலேயே கேள்வி இருக்கிறது. இல்லை என்று பொய் சொன்னால் பிற்பாடு உண்மையான விசாவுக்கே உலை. ஆம் என்று சொன்னால், குடியேறத்தான் வருகிறார் என்று 214(பி) பிரிவில் மறுத்து அனுப்ப வாய்ப்பு அதிகம். என் தங்கை மகளுக்கு மறுத்தார்கள். அதனால் அவளுடைய குடியேற்ற மனுவுக்கு ஒரு பாதகமும் வரவில்லை, கட்டணம் போனதோடு சரி.

எடிசன்வாசி
பழையகை ஐயா சொல்வது பொதுவாகச் சரி. எனக்குக் கொடுத்தார்கள். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. பணி நிரந்தரமானது, விடுப்பு ஆணை கையில் இருந்தது, முழு ஆண்டுத் தேர்வு விடுமுறைக்கு மட்டும் போவதாகச் சொன்னேன், சொன்ன தேதியில் திரும்பி வந்தேன். கேட்ட அதிகாரியிடம் "ஆமாம், ஐ-130 நிலுவையில் இருக்கிறது, அது முடிந்ததும் முறைப்படி போவேன்" என்றே சொன்னேன். அதனால் பொள்ளாச்சிப்பெண், வேலையை விடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். வேலை இல்லாமல் போய் நின்றால் திரும்பி வர என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

விசிட்டராகப் போய் அங்கேயே தங்கிக் கிரீன்கார்டு போட்டுவிடலாம் என்று சிலர் வாட்ஸாப்பில் சொல்லித்தருகிறார்கள். அந்த எண்ணத்தோடு உள்ளே நுழைந்தால் அது மோசடி. மாட்டினால் வாழ்நாள் தடை வரைக்கும் போகும்.

மதுரைமாப்பிள்ளை
இந்த இழையில் எல்லாரும் மனைவிமார்களாகவே பேசுகிறீர்கள். நானும் ஒருவன் இருக்கிறேன் ஐயா. என் மனைவி சிகாகோவில் நர்ஸ், சிட்டிசன். மனு போட்டது அவள். நான் மதுரையில் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன்.

பெண் காத்திருந்தால் "பாவம்" என்கிறார்கள். ஆண் காத்திருந்தால் "பொண்டாட்டி கூப்பிட்டாத்தான் போவியா?" என்கிறார்கள். டீக்கடையில் என் பெயரே இப்போது சிகாகோ.

அவளுக்கு நைட் ஷிஃப்ட். முடித்து வீட்டுக்கு வந்து உட்காரும்போது எனக்குச் சாயங்காலம் ஆறரை, ஏழு. கடையில் கூட்டம் மொய்க்கும் நேரமே அதுதான். போனை எஞ்சின் ஆயில் டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு வீடியோ காலைப் போட்டுவிடுவேன். பிரேக் ஷூ கேட்டு வருகிறவர் "வணக்கம் தங்கச்சி" என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு என்னிடம் விலை பேசுவார். பாதியில் அவள் தூங்கிவிடுவாள். கட் பண்ண மனம் வராது. திரையில் தலையணை மட்டும் தெரியும், நான் பில் போட்டுக்கொண்டிருப்பேன். இதெல்லாம் கல்யாணம் உண்மை என்பதற்கு ஆதாரமாகக் காட்ட முடியுமா, தெரியவில்லை!

என் கேள்வி கடையைப் பற்றி. தம்பியிடம் கைமாற்றலாமா, அல்லது விசா கையில் வரும்வரை அப்படியே வைக்கலாமா? சரக்கு எடுக்க முதல் போடுவதா வேண்டாமா என்றே தெரியாமல் ஒவ்வொரு மாதமும் போகிறது.

நெல்லைக்காரன்
மாப்பிள்ளை, காட்டலாம். அழைப்புப் பட்டியலை மாதத்துக்கு ஒரு பக்கம் என்று எடுத்து வையுங்கள், போதும். முழு சாட்டையும் அச்சடித்துக் கட்டு கட்டாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அதை யார் படிப்பது?

கடை விஷயத்தில் என் கருத்து: விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகும் உங்களுக்கு நேரம் இருக்கும். பெரும்பாலும் மெடிக்கல் செல்லும் காலம்வரை விசா செல்லும், வழக்கமாக ஆறு மாதம். கடையைக் கைமாற்ற அது போதும். அதுவரை சரக்கு எடுங்கள். பல பேர் இந்தக் காலத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எல்லாவற்றையும் முன்னாலேயே விற்றுவிட்டு, பிறகு மாதக்கணக்கில் மாமனார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சும்மாகேட்டேன்
அப்படியென்றால் அந்த அக்கா காலையில் ஸ்டேட்டஸ் பார்ப்பதைவிட்டு வேறென்ன செய்யலாம்? உருப்படியாக ஏதாவது இருக்கிறதா, இல்லை கோயில் குளம்தானா?

முத்துநகர்
இருக்கிறது. காகிதம். என்விசி கட்டத்தில் நம் ஊர் ஆட்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் பெயரிலும் பிறப்புச் சான்றிதழிலும்தான். அதை இப்போதே பாருங்கள்.

என் பிறப்புச் சான்றிதழில் என் பெயரே இல்லை. பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு, பாலினம் பெண், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போகும், பெயர் வைத்த பிறகு யாரும் போய்ச் சேர்க்க மாட்டார்கள். அப்பாவின் பெயரிலும் ஓர் எழுத்து பிழை. பேரூராட்சி அலுவலகத்தில் பழைய பதிவேட்டை எடுத்துப் போட்டார்கள். தாள் எல்லாம் ஓரம் உதிர்கிறது, மை பழுப்பாகிவிட்டது. நான் பிறந்த தேதியில் எங்கள் தெருவில் இன்னொரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அதற்கும் பெயர் இல்லை. அப்பாவின் பெயரை வைத்துத்தான் எது நான் என்று கண்டுபிடித்தார்கள். குழந்தைக்கு 15 வயதாவதற்குள் பெயர் சேர்க்க வேண்டும் என்பது விதி. தாண்டியவர்களுக்கு அவ்வப்போது கால நீட்டிப்பு அறிவிப்பார்கள், அப்படி ஒன்றில்தான் எனக்கு முடிந்தது. பதிவே இல்லை என்றால் "பதிவு இல்லை" என்று அதே அலுவலகத்தில் சான்று வாங்கி, பள்ளிச் சான்றிதழும் பெரியவர்களின் உறுதிமொழிப் பத்திரமும் சேர்த்து வைக்க வேண்டும்.

அப்புறம் இனிஷியல். மார்க்‌ஷீட்டில் முன்னால் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அதுவே அப்பாவின் முழுப் பெயராகக் குடும்பப் பெயர் கட்டத்தில், ஆதாரில் வேறு மாதிரி. பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே எல்லாப் படிவத்திலும் போடுங்கள். கல்யாணம் ஆனதும் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை ஒட்ட வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம், விசாவுக்கு அது தேவையே இல்லை.

எடிசன்வாசி
கல்யாணச் சான்றிதழையும் சேருங்கள். கோயிலில் கொடுத்த ரசீது, மண்டபத்து ரசீது எதுவும் செல்லாது. சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ்தான். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் பதிய வேண்டும், 90 நாளுக்குள் என்றால் தொந்தரவு இல்லை. மாப்பிள்ளை இரண்டு வார லீவில் வந்து போகிறவர் என்பதால் மறுவீடு, விருந்து என்று அலைவதற்கு முன்னால் பதிவை முடித்துவிடுங்கள். இருவரும் நேரில் போக வேண்டும்.

ஆதாரப் படங்களுக்கு ஆல்பத்தில் ஸ்டுடியோக்காரர் எடுத்த சூரிய அஸ்தமனப் படங்களைக் கொடுக்காதீர்கள். இரண்டு குடும்பமும் சேர்ந்து நிற்கும் படம், பந்தியில் உட்கார்ந்திருக்கும் படம், அதற்குப் பிறகு அவர் ஊருக்கு வந்தபோது எடுத்த சாதாரணப் படம், இவைதான் பேசும். மும்பையில் என்னிடம் அந்த அதிகாரி கேட்டதே ஒரு படத்தைப் பற்றித்தான். என் வீட்டுக்காரருக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நிற்பவர் யார், ஏன் வீட்டுக்காரர் கையில் தடி என்றார். மாப்பிள்ளை காசி யாத்திரை போகிறார், பின்னால் இருப்பவர் அவருடைய மாமா என்றேன். போய்விட்டாரா என்றார். என் அப்பா தடுத்துக் கூட்டிவந்துவிட்டார் என்றேன். பக்கத்துச் சன்னலில் இருந்தவரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார், கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று இன்னும் இரண்டு கேள்வி, அவ்வளவுதான்.

நடைமுறை: தூதரகம் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கிறது. உள்ளே போன் கொண்டுபோக முடியாது, கூட வருகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். மெடிக்கலுக்கு அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டரிடம் நேர்காணலுக்கு முன்னாலேயே முடிக்க வேண்டும், மார்பு எக்ஸ்ரேயும் தடுப்பூசியும் உண்டு. சின்ன வயதில் போட்ட ஊசி அட்டை கிடைத்தால் தேடி எடுங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி குத்துவார்கள். விசா வந்த பிறகு 235 டாலர் கிரீன்கார்டு கட்டணம் தனி.

இரண்டுபாஸ்போர்ட்
கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கும் குழந்தை பிறந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பா சிட்டிசனாக இருந்து, குழந்தை பிறப்பதற்கு முன் அமெரிக்காவில் மொத்தம் ஐந்து வருடம் இருந்திருந்தால், அதில் இரண்டு வருடம் 14 வயதுக்குப் பிறகு என்றால், இங்கே பிறந்தாலும் குழந்தை பிறவியிலேயே அமெரிக்கக் குடிமகன். அதைச் சென்னைத் தூதரகத்திலேயே பதியலாம். என் மகனுக்கு அமெரிக்க பாஸ்போர்ட் வந்துவிட்டது, பால் கொடுக்கும் எனக்கு இன்னும் விசா வரவில்லை. உறவுக்காரர்கள் "பையனை அனுப்பிவிடுங்க, நீங்க அப்புறம் போங்க" என்று கிண்டல் செய்கிறார்கள். இந்தியாவில் பிறந்து அமெரிக்க பாஸ்போர்ட் வாங்கிய குழந்தை வெளியே போக, வெளிநாட்டினர் பதிவு அலுவலகமான எஃப்ஆர்ஆர்ஓவின் அனுமதி வேண்டும், அதையும் மறந்துவிடாதீர்கள்.

பழையகை
கணவன்மார்களுக்கு: ஐ-864 பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். வருமானம் வறுமைக் கோட்டு அளவின் 125 சதவீதமாவது இருக்க வேண்டும், குறைந்தால் இன்னொருவர் கூட்டு ஸ்பான்சராகச் சேரலாம். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, மனைவி சிட்டிசன் ஆகும்வரையோ, 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரும்வரையோ அந்தப் பொறுப்பு தொடரும் என்பது. விவாகரத்து ஆனாலும் தீராது. நம் ஊர்ப் பெண்களும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. "நான் கூப்பிட்டதால்தானே வந்தாய், திருப்பி அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டும் ஆட்களும் இருக்கிறார்கள். அப்படி அனுப்பும் அதிகாரம் கணவனுக்குக் கிடையாது.

இன்னொன்று. உள்ளே நுழையும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகவில்லை என்றால் இரண்டு வருடக் கார்டுதான் தருவார்கள், அது முடியும் முன் கடைசி 90 நாளில் அந்தக் காலவரம்பை நீக்கக் கேட்கும் ஐ-751 மனு போட வேண்டும். இரண்டு வருடம் தாண்டி நுழைந்தால் நேராகப் பத்து வருடக் கார்டு. தாமதத்தில் கிடைக்கும் ஒரே லாபம் இதுதான், மும்பையில் தேதி இரண்டாம் ஆண்டு நிறைவை ஒட்டி வந்தால் பயண டிக்கெட்டைப் பார்த்துப் போடுங்கள்.

பொள்ளாச்சிப்பெண்
எல்லாருக்கும் நன்றி. முதல்வரிடம் "இந்த வருஷம் முழுசா இருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டேன், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு வகுப்பு ஆசிரியராகப் போட்டுவிட்டார். மாமியார் ஒரு வாரம் பேசவில்லை. வீட்டுக்காரரே டல்லாஸிலிருந்து போன் செய்து தன் அம்மாவிடம் பேசிய பிறகு சரியானது. பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன், பெயர் இருக்கிறது, ஊர்ப் பெயரில்தான் எழுத்துப் பிழை. அது பரவாயில்லையா? பிசிசியும் இப்போதே எடுத்து வைத்துவிடலாமா? கல்யாணத்துக்கு அப்புறம் ஆதாரை மாமியார் வீட்டு முகவரிக்கு, ஈரோட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் இன்னும் பொள்ளாச்சி முகவரிதான்.

நெல்லைக்காரன்
ஊர்ப் பெயர் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இரண்டிலும் ஒன்றாக இருந்தால் தொடாதீர்கள். வேறு வேறாக இருந்தால் பிறப்புப் பதிவில் திருத்தம் கேட்டு இப்போதே மனு கொடுங்கள், அதற்கு நேரம் பிடிக்கும்.

பிசிசி இப்போது வேண்டாம், ஐ-130 அப்ரூவ் ஆனதும் எடுக்கலாம். பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் 500 ரூபாய். இப்போது குடியிருக்கும் முகவரி எதுவோ அதைத்தான் கொடுக்க வேண்டும். ஈரோடு என்று கொடுத்தால் ஈரோட்டு ஸ்டேஷனிலிருந்துதான் விசாரிக்க வருவார்கள், அன்றைக்கு நீங்கள் கோவையில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தால் "ஆள் இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். லீவு நாளாகப் பார்த்து விண்ணப்பியுங்கள். அத்தையிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மருமகளைத் தேடி வாசலில் போலீஸ் வந்து நின்றால் அவர்கள் பாட்டுக்குப் பயந்துவிடப் போகிறார்கள்.